லித்தாப்ஸ் (கூழாங்கல் போலிருக்கும் சதைப்பற்றுச் செடி) இலை சுருங்கினால் தண்ணீர் விடலாமா?

இப்போது விடாதீர்கள். நடுப்பிளவில் புது இலை எட்டிப்பார்க்கும்போது வெளி இலை சுருங்குகிறது என்றால் அது தாகம் இல்லை, செடி இலை மாற்றுகிறது. பழைய இலை ஜோடியில் உள்ள நீரை உறிஞ்சித்தான் புது ஜோடி வளரும். இலை மாறும் நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் பழையது காயாமல் தங்கி, இரண்டு அடுக்காக நிற்கும். கையால் உரிக்கவும் வேண்டாம்.

பழைய இலையைத் தொட்டுப் பாருங்கள். காகிதம்போல் காய்ந்திருந்தால் மண் முழுக்க நனைய ஒரு தடவை விடலாம். அப்புறம் மண் நன்றாகக் காயட்டும்.

அடிப்பகுதி கொழகொழவென்று இருந்தால் கதை வேறு, அது அழுகல். ஈரத்தைப் பிடித்து வைக்கும் தேங்காய்நார்த் தூள் காரணமாக இருக்கலாம். நர்சரிகளில் அதில் வைத்தே விற்கிறார்கள். தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் சரளை நிலத்துச் செடிக்கு அந்த ஈரம் ஆகாது. பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது பொடிச்சரளை அதிகமுள்ள கலவைக்கு மாற்றுங்கள்.