கோ-ஒர்க்கிங் இடம் எடுக்கப் போகிறீர்களா? கேளுங்கள்

கோ-ஒர்க்கிங் என்பது பலர் கட்டணம் கட்டிப் பகிர்ந்துகொள்ளும் அலுவலக இடம். வெளிநாட்டிலிருந்து வந்து கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தங்கி, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் தமிழ் ஃப்ரீலான்சர்கள் கேட்ட கேள்விகள் இவை; கேள்விக்கு முன் இருப்பது கேட்டவரின் பகுதி. பதில் சொல்பவர் இத்தகைய இடங்களை நடத்தும் தொழிலில் உள்ளவர்.

பிரிக்பீல்ட்ஸ்: அக்கா, மாசக் கட்டணம் கட்டிடலாமா, இல்ல போற அன்னிக்கு மட்டும் காசு கொடுத்தாப் போதுமா?

வகுத்துப் பாருங்கள் தம்பி. மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்), ஒரு நாளைக்கு 35 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், மாதக் கட்டணம் லாபமாவது 12ஆவது நாளில்தான். சேரும்போது எல்லாரும் 22 நாளும் வருவேன் என்றுதான் நினைப்பார்கள். மழை, காய்ச்சல், பொது விடுமுறை எல்லாம் கழித்தால் பலருக்கு எண்ணிக்கை பத்துக்குள் அடங்கிவிடும். முதல் மாதம் நாள் கணக்கில் போய்ப் பாருங்கள். 10 நாள் சீட்டு விற்கிறார்களென்றால், அது எத்தனை நாளில் காலாவதியாகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சொல்லும் விலையில் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். முன்பணம் வாங்கினால், எத்தனை நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், பணம் எப்போது திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு முன்பணத்தைத் துரத்துவது வீண் அலைச்சல்.

செந்தூல்: எனக்கு நியூயார்க் கிளையண்ட். ராத்திரிதான் மீட்டிங். "24 மணி நேரம்"னு போட்ட இடமாப் பார்த்து எடுத்தாப் போதுமா?

போதாது. அங்கே காலை 9 மணி என்றால், அவர்களின் கோடைக் காலத்தில் நமக்கு இரவு 9 மணி. நவம்பர் முதல் மார்ச் வரை இரவு 10 மணி. மலேசியாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை சந்திப்பு தவறுவதற்கு இதுவே காரணம். அழைப்பிதழை நியூயார்க் நேரத்தில் பதிந்துவிட்டால் நாட்காட்டி தானே சரிசெய்துகொள்ளும்.

"24 மணி நேரம்" என்பது பெரும்பாலும் கதவு அட்டைக்கு மட்டும்தான். பல அலுவலகக் கட்டடங்களில் மைய ஏர்கோன் மாலை 6 அல்லது 7 மணிக்கே நின்றுவிடும். கண்ணாடிக் கட்டடத்தில் ஜன்னலும் திறக்காது. எட்டு மணிக்கு மேல் உள்ளே இட்லிப் பானைதான். ஆகவே நான்கு கேள்வி கேளுங்கள்: ஏர்கோன் எத்தனை மணி வரை? லிஃப்ட் இரவில் உங்கள் மாடிக்கு வருமா? அட்டை வேலை செய்யாவிட்டால் காவலர் உள்ளே விடுவாரா? போன் அறை இரவிலும் திறந்திருக்குமா? ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

ரயிலில் வருபவர் என்றால் கடைசி ரயில் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டினால் தினமும் கிராப் டாக்ஸி செலவு, அதையும் மாதக் கட்டணத்தோடு கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். லண்டன் வாடிக்கையாளர் என்றால் இவ்வளவு தலைவலி இல்லை. அவர்களின் காலை 9 நமக்கு மாலை 4 அல்லது 5.

பெட்டாலிங் ஜெயா: வேகம் 200 எம்பிபிஎஸ் காட்டுது. ஆனா ஜூம்ல என் குரல் உடையுதுன்னு சொல்றாங்க. ஏன்?

அந்த 200 பதிவிறக்க வேகமாக இருக்கும். உங்கள் குரல் போவது பதிவேற்றத்தில். அதுகூடப் பெரிதாக வேண்டாம், தெளிவான காணொளிக்கே 4 எம்பிபிஎஸ் போதும். குரலை உடைப்பது வேகக் குறைவு இல்லை, தாமதம் ஏறி இறங்குவது. ஒரே வைஃபையில் நாற்பது பேர் இருக்க, ஒருவர் பெரிய கோப்பு ஏற்றினாலும் மற்றவரின் குரல் வரிசையில் காத்து நிற்கும்.

பார்க்கும் முறை இது. காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும், அதாவது கூட்டம் இருக்கும் நேரத்தில், கணினியில் பிங் கட்டளையை 5 நிமிடம் ஓடவிடுங்கள். பதில் திரும்பி வர எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று அது காட்டும். 10, 12, 11 என்று வந்தால் நல்ல இணைப்பு. 10, 240, 15 என்று குதித்தாலோ, நடுவில் பதிலே வராமல் போனாலோ அந்த இடம் அழைப்புக்கு ஆகாது. இதை நாற்காலியில் உட்கார்ந்து செய்யாதீர்கள். போன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். சிக்னல் சாகும் இடம் அதுதான்.

குதித்தால் முதலில் வைஃபை அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5க்கு மாற்றிப் பாருங்கள். மேசையில் லேன் துளை இருந்தால் கம்பியைச் செருகுங்கள், யூஎஸ்பி-சி மாற்றி ஒன்று பையில் கிடக்கட்டும். விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு) போட்டால் மட்டும் உடைகிறது என்றால், அங்கே யூடிபி என்ற வேகமான அனுப்பும் முறை தடுக்கப்பட்டு, விபிஎன் டிசிபி என்ற மெதுவான முறைக்கு மாறியிருக்கலாம். நிர்வாகியிடம் அதே சொல்லில் கேளுங்கள், "நெட் ஸ்லோ" என்றால் ரவுட்டரை அணைத்துப் போடுவதோடு முடித்துக்கொள்வார்கள். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைத் துணைக்கு வைத்திருங்கள், அதையும் அந்த அறைக்குள்ளேயே சோதித்துவிட்டு நம்புங்கள்.

பங்சார்: உறுப்பினர் அட்டை இருந்தா இங்க வேலை செய்ய அனுமதி இருக்குன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. அட்டை கொடுப்பவர் நாற்காலி மட்டும்தான் தருகிறார், அனுமதி குடிநுழைவுத் துறையுடையது. தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்று எம்டெக் (மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம்) 2022இல் கொண்டுவந்தது டிஇ ரந்தாவ் பாஸ். 3 முதல் 12 மாதம் வரை கிடைக்கும், இன்னும் 12 மாதம் நீட்டிக்கலாம். அதற்குத் தேவையான குறைந்தபட்ச ஆண்டு வருமானம் டிஜிட்டல் துறையினருக்கு 24,000 அமெரிக்க டாலர், மற்றவர்களுக்கு 60,000. விண்ணப்பிக்கும் அன்று எம்டெக் தளத்தில் விதிகளை இன்னொரு முறை பாருங்கள்.

இங்கே முகவரி வாங்கித் தொழில் பதிவு செய்யலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். தனிநபர் வணிகப் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். 182 நாள் தங்கினால் வரிக் கணக்கில் நீங்கள் உள்நாட்டவராகலாம். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தால் இங்கே வரிப் பேச்சே இல்லை என்று முடிவு கட்டாமல் வரி முகவரிடம் கேளுங்கள்.

கேஎல் சென்ட்ரல்: சென்னைல வாங்கின சார்ஜர் இங்க போகுமா?

மின்னழுத்தம் ஒன்றுதான், முனை வேறு. இங்கே தட்டையான மூன்று கால், உள்ளே 13 ஆம்பியர் வரை ஃபியூஸ். ஃபியூஸ் உள்ள மாற்றி வாங்குங்கள். எர்த் துளையில் பேனாவைக் குத்தி இரண்டு கால் பிளக்கைச் செருகும் வித்தை மட்டும் வேண்டாம். பிடிப்பில்லாமல் சூடேறும்.

அம்பாங்: 50 வெள்ளி ரயில் பாஸ் எடுக்கலாமா?

அந்த மை50 பாஸ் குடிமக்களுக்கு மட்டும். உங்களுக்குப் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் டச் அண்ட் கோ அட்டைதான். ரயிலில் வருவதென்றால் நிலையத்திலிருந்து கூரை போட்ட நடைபாதை உள்ள இடமாகத் தேடுங்கள். மாலை நான்கு மணி மழைக்குக் குடை தாங்காது.

செராஸ்: மத்தியானம் வீட்டுச் சாப்பாடு எடுத்துட்டுப் போனா ஏதும் சொல்வாங்களா அக்கா?

சாப்பாட்டு அறையில் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மைக்ரோவேவில் ஹலால் என்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஒட்டியிருந்தால் அதை மதிக்க வேண்டும். கருவாட்டுக் குழம்பைச் சூடாக்காதீர்கள். மாடி முழுக்க மணக்கும், யார் டப்பா என்று விசாரணையும் நடக்கும்.