பழைய சன் ஸ்பார்க்ஸ்டேஷன் கணினியிலிருந்து பிங் (மற்ற கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் வலையமைப்புச் சோதனை) போகவில்லையே, ஏன்?
கேபிளை மாற்றியும் ஐபி முகவரியைச் சரிபார்த்தும் பயனில்லை என்கிறீர்கள். அதன் இயங்குதளமான சோலாரிஸைக் குறை சொல்வதற்கு முன், கணினியை அணைத்துப் போட்டு, திரையில் முதலில் வரும் வரிகளை நிதானமாகப் படியுங்கள். வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் ஈதர்நெட் முகவரி வழக்கமாக 8:0:20 என்று தொடங்கும். அங்கே எஃப் எழுத்துகள் மட்டுமே வரிசையாக நின்றால், மின்சாரம் இல்லாதபோதும் தகவலைக் காத்துவைக்கும் என்விராம் (NVRAM) என்ற நினைவகச் சில்லுதான் காரணம். முகவரி அதில்தான் பதிந்திருக்கிறது; அதைக் காக்கும் சிறு லித்தியம் பேட்டரி அந்தச் சில்லுக்குள்ளேயே புதைந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் அது தீர்ந்திருக்கும். எல்லாம் எஃப் என்பது அனைவருக்கும் பொதுவான முகவரி. எந்தக் கணினியும் அதைத் தனதாக்கிக்கொள்ள முடியாது.

'ஓகே' என்று காத்திருக்கும் இடத்தில் 'எம்கேபி' (mkp) கட்டளையால் முகவரியை மீண்டும் எழுதலாம். மின்சாரத்தை நிறுத்தினால் அது அழிந்துவிடும். அதே வகைப் புதிய சில்லைப் பொருத்துவதே நிலையான தீர்வு. தயவுசெய்து கணினியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.