பட்டறைப் பதில்கள்: 96 மாடல் பென்ஸும் நாலு லட்சமும்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் மாமா மஸ்கட்டிலிருந்து ஊருக்குத் திரும்பிய புதிதில் வாங்கிய 1996 மாடல் பென்ஸ் இ 220 இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. பெட்ரோல், ஆட்டோமேட்டிக். 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடைசி நாலு வருடம் ஷெட்டில்தான் நின்றது. 18 அங்குல அலாய், ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது, ஈசியு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது), நல்ல சத்தம் வரும் சைலன்சர், 500 இ மாதிரி பாடி கிட் என்று நிறைய ஆசை இருக்கிறது. கையில் 4 லட்சம் வைத்திருக்கிறேன். எதில் தொடங்கட்டும்?
(வாசகர், குளச்சல்)

பதில்: தம்பி, மாமாவின் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் வைத்திருக்கிறீர்கள், அதுவே பெரிய காரியம். பென்ஸ் கார்களை இந்தியாவில் செய்யத் தொடங்கியது 1995-இல், புனேயில். முதலில் அங்கிருந்து வெளியே வந்தது உங்களுடைய இந்த வகைதான், கம்பெனி வைத்த எண்ணை வைத்து இதை 124 பாடி என்போம். ஷார்ஜாவில் பதினோரு வருடம் வேலை பார்த்ததில் எனக்குப் பாதி நாள் இந்த வண்டிகளின் அடியில்தான் போனது. பார்வதிபுரத்தில் பட்டறை போட்ட பிறகும் அவ்வப்போது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலிலிருந்து ரீமேப்பை முதலில் நீக்கிவிடுங்கள். டர்போ இன்ஜினாக இருந்தால் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றிக் கூடுதல் காற்றை உள்ளே தள்ளலாம், பிக்கப் ஏறும். உங்களுடைய 2.2 லிட்டர் இன்ஜினில் டர்போ கிடையாது. அது தானாக இழுக்கிற காற்றைத்தான் எரிக்கும். கம்ப்யூட்டரில் என்ன மாற்றினாலும் கிடைப்பது உங்கள் காலுக்கே தெரியாது. புதிதாக இருந்தபோது இந்த இன்ஜின் 150 குதிரைத்திறன் கொடுத்தது. இத்தனை வருடத்தில் அதில் ஒரு பங்கு போயிருக்கும். அதைத் திரும்ப வாங்கினாலே வண்டி வேறு வண்டியாகத் தெரியும்.

அதற்கு முதலில் வயரிங்கைப் பாருங்கள். தொண்ணூறுகளின் நடுவில் வந்த பென்ஸ்களில் இன்ஜின் வயரிங்கின் மேலுறை சூட்டில் காய்ந்து பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். இன்ஜெக்டர் பக்கம் கருப்பு உறையைக் கொஞ்சம் விலக்கி ஒரு வயரை மெதுவாக வளைத்துப் பார்த்தால் தெரியும். இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடிக்கு உள்ளேயும் அதே வயர்தான். ஐடிலில் இன்ஜின் வேகம் ஏறி இறங்குவது, மழை நாளில் மிஸ் அடிப்பது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். பல வருடங்களுக்கு முன் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒருவர் இதே வண்டியைக் கொண்டுவந்து சைலன்சர் மட்டும் மாற்றச் சொன்னார். வயரிங்கைப் பார்க்காமலே மாற்றிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் வில்லுக்குறி தாண்டி வண்டி நின்றது. உதிர்ந்த வயர்கள் ஒன்றோடொன்று தொட்டு இன்ஜின் கம்ப்யூட்டர் போயிருந்தது. அவருக்கு ஆன செலவை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது. அதற்கப்புறம் வயரிங்கைப் பார்க்காமல் எந்த 124-இலும் நான் ஸ்பேனர் வைப்பதில்லை.

அடுத்து பெட்ரோல். நாலு வருடம் டாங்க்கில் கிடந்ததை முழுக்க இறக்கிவிடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த வண்டியைச் செய்த காலத்தில் நம் ஊரில் அப்படி ஒரு பெட்ரோல் கிடையாது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து வெடிக்க விடும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். குளச்சல் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அதனால் டாங்க்கிலிருந்து இன்ஜின் வரை உள்ள ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள், ஃபில்டரும் புதிது. மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் டாங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறையும்.

கியர் பாக்ஸுக்கு ஒரு விஷயம். இந்த நாலு கியர் ஆட்டோமேட்டிக் சாதாரணமாகக் கிளம்பும்போது இரண்டாம் கியரில்தான் கிளம்பும். பெடலை நன்றாக மிதித்தால்தான் முதல் கியருக்கு இறங்கும். இது தெரியாமல் “வண்டி சோம்பேறி” என்று சொல்பவர்கள் நிறைய. ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகு, த்ராட்டிலிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் கேபிளைத் தெரிந்த கையால் செட் செய்யுங்கள். அந்தக் கேபிள் தளர்ந்திருந்தால் கியர் சீக்கிரமே ஏறி வண்டி தூங்கும். காசே ஆகாத வேலை, ஆனால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும்.

ஸ்பிரிங்கை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். இந்த வண்டியில் பின் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து லிங்க், அதாவது இணைப்புக் கம்பிகள், பிடித்திருக்கிறது. எண்பதுகளில் இதைச் செய்தவர்கள் சக்கரம் எந்தக் கோணத்தில் ஏறி இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தது அது. ஸ்பிரிங்கை வெட்டினால் கணக்கு முழுதும் போச்சு. உயரத்தைச் சரிசெய்ய கம்பெனியே ஒரு வழி வைத்திருக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு ரப்பர் பேட் இருக்கும், அதன் ஓரத்தில் சின்ன மொட்டுகள் இருக்கும். ஒரு மொட்டு என்றால் மெல்லியது, நாலு மொட்டு என்றால் தடித்தது. தடித்த பேடை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்டால் வண்டி அளவாக இறங்கும், ஸ்பிரிங் முழுசாக இருக்கும். ஆனால் அதற்கு முன் லிங்க்குகளின் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சர்பர், இன்ஜின் மவுண்ட், பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்டில் உள்ள ரப்பர் டிஸ்க், ஸ்டியரிங் டேம்பர் எல்லாம் புதிதாகட்டும். “ஸ்டியரிங் ஆடுகிறது” என்று வரும் 124-களில் பலவற்றில் டேம்பரும் டை ராடும் மாற்றியதோடு வேலை முடிந்திருக்கிறது.

இப்போது சக்கரம். உங்கள் வண்டிக்கு வந்த டயர் 195/65 ஆர் 15, அதாவது 195 மில்லி அகலம், அதில் 65 சதவீதம் பக்கவாட்டு உயரம், 15 அங்குல ரிம். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் அதில் ஏறக்குறைய 127 மில்லி ரப்பர் இருக்கிறது. 225/40 ஆர் 18 போட்டால் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், ரப்பர் மட்டும் 90 மில்லியாகக் குறைந்துவிடும். திங்கள்நகர் வழியாக தினமும் போகிற உங்களுக்கு அந்தப் பள்ளங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 205/55 ஆர் 16 போடுங்கள். அதில் 113 மில்லி ரப்பர் மிஞ்சும், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது, வளைவில் பிடிப்பு கூடும். அந்தக் காலத்து 8 ஓட்டை பென்ஸ் அலாய் 16 அங்குலத்தில் கிடைத்தால் விடாதீர்கள். இந்தப் பாடிக்கு அதைவிடப் பொருத்தமான சக்கரத்தை நான் பார்த்ததில்லை. வெளி அலாய் என்றால் 5 போல்ட், போல்ட் வட்டத்தின் விட்டம் 112 மில்லி, நடு ஓட்டை 66.6 மில்லி. நடு ஓட்டை பெரிதாக இருந்தால் ரிங் போட்டே மாட்டுங்கள், இல்லையென்றால் எண்பதில் ஸ்டியரிங் நடுங்கும். ஷெட்டில் நின்ற பழைய டயரில் எவ்வளவு பட்டன் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம்.

பாடி கிட் பற்றிக் கேட்டீர்கள். 500 இ என்பது இதே 124 பாடியில் போர்ஷே கம்பெனியின் துணையோடு செய்த பென்ஸ், 5 லிட்டர் வி8 இன்ஜின். அதன் சக்கர வளைவு அகலமாக இருப்பது உள்ளே அகலமான சக்கரம் இருந்ததால். ஃபைபரில் அதேபோல் செய்து ஒட்டினால் ஓரத்தில் தண்ணீர் தேங்கும். உங்கள் ஊரில் அது உப்புத் தண்ணீர். கதவுகளுக்குக் கீழே அகலமாக ஓடுகிற பிளாஸ்டிக் பேனல் இருக்கிறதே, அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? ஜாக்கி வைக்கும் இடம், முன் ஃபெண்டரின் அடிப்பாகம், பின் கண்ணாடியின் கீழ் ஓரம், இந்த மூன்றிலும்தான் துரு ஒளிந்திருக்கும். முட்டத்திலிருந்து வந்த ஒரு வண்டி வெளியே கண்ணாடி மாதிரி மின்னியது. பேனலைக் கழற்றினால் ஜாக்கி முனை இருந்த இடத்தில் செய்தித்தாளைத் திணித்து மேலே பட்டி பூசியிருந்தார்கள். உங்கள் பெயிண்ட் பணத்தில் முதல் பங்கு அங்கே போகட்டும். துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் செய்து, உள்ளே மெழுகு அடித்துவிட்டு, அப்புறம் வெளியே பாலிஷ். வைப்பருக்குக் கீழும் சன் ரூஃப் இருந்தால் அதிலும் தண்ணீர் வடியும் துளைகளை இடவப்பாதி மழைக்கு முன் ஒவ்வொரு வருடமும் குத்திவிடுங்கள்.

சத்தமான சைலன்சரும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ சட்டத்தில் இருக்கிறது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிற்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அந்த நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு மெதுவான ஒரு உறுமல் ஏற்கெனவே உண்டு. மவுண்ட் புதிதானால் அது சுத்தமாகக் கேட்கும்.

4 லட்சத்தில் பாதி வயரிங், குழாய், புஷ், கியர் பாக்ஸுக்குப் போகும். துருவுக்கு ஒரு லட்சம் ஒதுக்குங்கள். மிச்சத்தில் சக்கரமும் பிரேக்கும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, உங்களுடையதில் அது கருப்பாகியிருக்கும். ஸ்டைல் வேண்டுமென்றால் உள்ளே செய்யுங்கள்: டேஷ்போர்டின் மரத்தை மெருகேற்றுங்கள், சீட்டை அதே நிறத் தோலில் தையுங்கள். எல்லாம் முடிந்ததும் ஆடி மாதத்தில் ஒருநாள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஓட்டிப் பாருங்கள். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றும் அந்தக் காற்று வண்டியின் பக்கவாட்டில் அடிக்கும்போது ஸ்டியரிங் கையில் ஆடாமல் நின்றால், புஷ் வேலை சரியாக நடந்திருக்கிறது. ஆடினால் நேராக அலைன்மென்ட்டுக்குப் போங்கள்.

கேள்வி: என்னிடம் 2010 மாடல் பிஎம்டபிள்யூ 320 டி இருக்கிறது. 1,10,000 கிலோமீட்டர். ரீமேப் செய்தால் பிக்கப் கூடும் என்கிறார்கள். செய்யலாமா?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: உங்களுடையது டர்போ டீசல், அதனால் கூடத்தான் செய்யும். 177 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டர் இழுவையும் கம்பெனி கொடுத்தது. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பானட்டைத் திறந்து, 1,500 ஆர்.பி.எம். பக்கம் வைத்துக் காது கொடுங்கள். இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து சங்கிலி உரசுகிற சத்தம் வருகிறதா? இந்த இன்ஜினில் டைமிங் செயின் பின்னால், கியர் பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அந்த வருடங்களில் வந்தவற்றில் அது தேய்ந்து அறுந்துபோவது எல்லோருக்கும் தெரிந்த குறை. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போகும். மாற்றுவதற்கு கியர் பாக்ஸை இறக்க வேண்டும், சிலர் இன்ஜினையே இறக்குவார்கள், செலவு கனம்தான். சத்தம் இருந்தால் ரீமேப் பணத்தை அப்படியே அங்கே போடுங்கள்.

சத்தம் இல்லையென்றால் அடுத்தது கியர் பாக்ஸ் ஆயில். கார் கம்பெனி இதை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்றது. ஆனால் கியர் பாக்ஸைச் செய்த இசட்.எஃப். கம்பெனியே 80,000-இலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவர் சொல்லைத்தான் கேட்பேன். இந்த இரண்டும் முடிந்து, டர்போ ஹோஸில் ஆயில் கசிவும் இல்லையென்றால், மிதமான ரீமேப் செய்துகொள்ளுங்கள். காகிதத்தில் பெரிய எண் காட்டுகிறவரிடம் போகாதீர்கள்.

வண்டியோடு வந்த ரன் ஃப்ளாட் டயரை (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் கடினமான டயர்) மாற்றி சாதாரண டயர் போட்டால், மார்த்தாண்டம் மேம்பாலத்தின் இணைப்புகளில் வண்டி ஏறி இறங்குவதே மென்மையாகிவிடும். ஒன்று மட்டும், உங்கள் டிக்கியில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கிட்டும் காற்றுப் பம்பும் வைத்துக்கொள்ளாமல் களியக்காவிளை தாண்டாதீர்கள்.

கேள்வி: பழைய ஹோண்டா அக்கார்டுக்கு வெள்ளை எல்.இ.டி. பல்ப் போட்டேன். எதிரே வருகிறவர்கள் எல்லாம் டிப் அடிக்கிறார்கள். ஆனாலும் எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை.
(வாசகர், குலசேகரம்)

பதில்: ஹாலஜன் பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. போட்டால் வெளிச்சம் சிதறும். எதிரே வருகிறவர் கண்ணில் விழும், உங்கள் ரோட்டில் விழாது. ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ராத்திரி சைக்கிளில் பால் வெட்டப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள், இன்றைக்கே கழற்றிவிடுங்கள். நல்ல கம்பெனி ஹாலஜன் பல்ப், மங்கிய லென்ஸுக்குப் பாலிஷ், பேட்டரியிலிருந்து நேராக ரிலே வைத்துத் தனி வயர். பழைய வயரில் வழியிலேயே வோல்டேஜ் குறைந்துபோகும், ரிலே வைத்தால் முழுதாகப் போய்ச் சேரும். பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருக்கட்டும்.

கேள்வி: கருப்பு காருக்குச் சாம்பல் நிற ஸ்டிக்கர் ஒட்டினால் ஆர்.சி.யில் மாற்ற வேண்டுமா?
(வாசகர், கன்னியாகுமரி)

பதில்: வண்டி முழுக்க நிறம் மாறினால் பதிய வேண்டும். முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு எழுதிக் கொடுங்கள், இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லுங்கள், அதன் பிறகு ஒட்டுங்கள். கடற்கரை வெயிலில் நிற்கிற வண்டி என்றால் மூன்று வருடத்துக்கு மேல் அந்த ஸ்டிக்கரை விட்டு வைக்காதீர்கள், உரிக்கும்போது அடியிலுள்ள பெயிண்ட்டும் சேர்ந்து வரும்.