கம்பைத் தாண்டி வளரும் பிள்ளைகள்

ஆசானிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

(கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம், அடிமுறை என்ற தற்காப்புக் கலைக்குக் களரி, அதாவது பயிற்சிக்கூடம், நடத்தும் ஆசான் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஆசானே, எனக்குப் பதினாறு வயசு. காலடிப் பாடங்களில் ஒற்றைச்சுவடு முடித்துக் கூட்டச்சுவடு படிக்கிறேன். தட்டினால் ஆளையே வீழ்த்தும் உடம்புப் புள்ளிகளான வர்மம் எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்டால் எங்கள் ஆசான் சிரித்துவிட்டுப் போகிறார். ஏன்?
– மாணவன், அருமனை

பதில்: மக்களே, இந்தக் கேள்வியைக் கேட்காத பையனை நான் பார்த்ததே இல்லை. சில பேர் முதல் நாளே கேட்பார்கள். ஒரு தட்டு தட்டினால் ஆள் சுருண்டு விழ வேண்டும், அவ்வளவுதான் ஆசை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது நம் ஆசான்மார் கணக்கு. அதைச் சொல்லிக்கொடுக்கும் முன்பு பன்னிரண்டு வருஷம் ஆளைப் பார்க்க வேண்டும் என்பார்கள். இப்போது எந்தப் பிள்ளை பன்னிரண்டு வருஷம் ஒரே ஊரில் இருக்கிறது? அது வேறு கதை. ஆனால் உன் வயசில் காலையில் வந்த கோபம் சாயங்காலம் நினைவில்கூட இருக்காது. நடுவில் கை என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

வர்மம் கேட்டு நிற்பவனிடம் நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுப்பேன். அடிக்க ஆசைப்பட்டவன் கூட்டாளியின் சுளுக்கிய கணுக்காலை மடியில் வைத்துத் தடவட்டும். பாதிப் பேர் அதோடு வர்மத்தை மறந்துவிடுவார்கள். மீதிப் பேரிடம்தான் அப்புறம் பேச்சு. உனக்குச் சிரிக்கிற ஆசான் வாய்த்திருக்கிறார், விட்டுவிடாதே.

கேள்வி: பள்ளி மைதானத்தில் சாயங்காலம் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் வந்த ஒரு பையனை என் பிள்ளை போல வளர்த்தேன். போட்டிகளில் ஜெயித்தான். பிளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனவன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. போன மாதம் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதற்காக இந்தப் பாடு என்று தோன்றுகிறது.
– இளம் ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம்)

பதில்: தம்பி, அவன் முகத்தைத் திருப்பியது வெறுப்பில் அல்ல. கம்பைத் தொடுவதை நிறுத்திவிட்டான். ‘மறுபடி எப்போது வருகிறாய்’ என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்ற பயம். கடன் வாங்கியவன் தெரு மாறிப் போவது மாதிரிதான். அடுத்த முறை பார்த்தால் நீங்களே கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கம்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

சிலம்பக் கம்பு நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எட்டாம் வகுப்புப் பையனுக்கு அளந்து வெட்டிய பிரம்பு பத்தாம் வகுப்பில் அவன் நெற்றிக்கு எட்டாது. குரல் உடையும், கால் நீளும், அது வரை அழகாக வைத்த சுவடு திடீரென்று தடுமாறும். முட்டுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்பான். வளர்கிற வயசில் வருகிற வலி அது, ஓட்டமும் குதிப்பும் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். நாம் அதட்டாமல் காத்திருக்கிறோம். அப்புறம் ஒரு நாள் உடம்பு அவனுக்கு வசப்படுகிறது. கம்பின் சத்தமே மாறிவிடும். சரி, இனி இவனுக்கு நிஜமாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நாம் நிமிரும்போது அவன் நீட் பயிற்சிக்கோ, நர்சிங்குக்கோ, வளைகுடாவில் இருக்கும் மாமன் வீட்டுக்கோ பெட்டி கட்டியிருப்பான். 1956இல் எல்லை பிரித்தபோது எங்கள் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, உங்கள் சித்தூர் கேரளத்தில் நின்றது. பிள்ளைகள் வெளியேறுவது மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கை நேர்த்தியாகும் வருஷமும் ஊரை விட்டுப் போகும் வருஷமும் ஒன்றாக அமைந்த வேலை நம்முடையது.

ஜெயித்த பையன் தன் திறமையால் ஜெயித்தேன் என்றுதான் நினைப்பான். நினைக்கட்டும், பாதி உண்மைதானே. எனக்கு வந்த கூலி வேறு இடத்திலிருந்து வந்தது. ஒரு பையன் இருந்தான், ஒரு போட்டியிலும் ஜெயித்ததில்லை. வணக்கம் வைக்கும்போது இடது முழங்கை வெளியே துருத்தும். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், முழங்கை உள்ளே வரவில்லை. படிப்பு முடிந்து டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போனான், அப்புறம் ஆளைக் காணோம். பல வருஷம் கழித்து ஒரு சிறு பையன் களரிக்குச் சேர வந்தான். கொஞ்சம் தெரியும் என்றான். வணக்கம் வை பார்ப்போம் என்றேன். வைத்தான், இடது முழங்கை துருத்திக்கொண்டு நின்றது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவே வேண்டாம். அண்ணன் வேலை முடிந்து வந்து ராத்திரி முற்றத்தில் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான், நான் திருத்த முடியாத அந்தக் கோணலோடு சேர்த்து. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, சிரித்தேன். இப்போது தம்பியின் முழங்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சுவடு சொல்ல விடுங்கள். போகும்போது பாதியையாவது உங்கள் மைதானத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள். ‘என்னை விட்டுப் போகிறாயா’ என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டு வேறு ஆசானிடம்கூடப் போக விடாமல் கட்டிப்போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அவர்களைப் பிடிப்பதில்லை. அப்புறம், மாதக் கட்டணத்தைக் கூச்சப்படாமல் வாங்குங்கள். இலவசமாகச் சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் நன்றி வரவில்லையே என்ற வருத்தம் அதிகம்.

கேள்வி: மகளுக்குப் பதினான்கு வயது. களரியில் நன்றாகச் செய்கிறாள். வயசுக்கு வந்துவிட்டாள், இனி வேண்டாம் என்கிறார் மாமியார். என்ன செய்ய?
– தாய், மார்த்தாண்டம்

பதில்: பெரியவரோடு சண்டை வேண்டாம். கேரளத்து வடகரை ஊரில் களரி நடத்தும் மீனாட்சி அம்மாவின் படத்தைக் காட்டுங்கள். வயசுக்கு வந்ததும் பெண்கள் நிறுத்திவிடும் வழக்கம் இருந்த காலத்திலேயே தொடர்ந்தவர், 2017இல் பத்மஸ்ரீ வாங்கினார். மாமியாரைவிட அவருக்கு வயது கூட இருக்கலாம் என்பதையும் மெல்லச் சொல்லிவையுங்கள். ஒரு நாள் மாமியாரையே களரிக்கு அழைத்துப் போய் உட்கார வைப்பது அதைவிட நல்லது. என் அனுபவத்தில் பாட்டிமார் அரை மணி நேரத்தில் கட்சி மாறிவிடுவார்கள். மாதவிலக்கு நாளில் வருவதா வேண்டாமா என்பதை மகளே முடிவு செய்யட்டும், நானும் கேட்பதில்லை.

கேள்வி: பையனின் சிலம்பச் சான்றிதழுக்கு அரசு வேலையில் மதிப்பு உண்டா?
– தந்தை, களியக்காவிளை

பதில்: தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எல்லாக் காகிதமும் செல்லாது. எந்தச் சங்கம் நடத்திய போட்டி, எந்த அளவிலான போட்டி என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். ஒரே நாளில் மாநிலக் கோப்பை, தேசியக் கோப்பை, சர்வதேசக் கோப்பை மூன்றும் கொடுத்த ஒரு போட்டிக்கு நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சர்வதேசம் என்றது எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலையிலிருந்து வந்திருந்த இரண்டு பையன்களை வைத்து.