வெளியிடாத பேராசிரியர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அண்மையில் நீங்கள் எழுதிய ஒரு கட்டுரையில் பிரிட்டனின் சர்வதேச உறவுகள் அறிஞர் மார்ட்டின் வைட் பற்றி ஒரு வரி வந்தது. வாழும் காலத்தில் பெரிய கோட்பாட்டு நூல் எதையும் வெளியிடாமலேயே ஒரு துறையின் போக்கை மாற்றியவர் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். நான் தில்லியில் சர்வதேச உறவுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அரசியல் சிந்தனையும் சர்வதேசக் கோட்பாடும் சேருமிடத்தில் வேலை செய்ய ஆசை. என் நெறியாளர் நல்லவர்தான். ஆனால் "கோட்பாட்டுக்கு இங்கே வேலை இல்லை, சீனாவை எடு, இல்லாவிட்டால் இந்தியப் பெருங்கடலை எடு" என்கிறார். உடன் படிப்பவர்கள் ஆளுக்கு மூன்று பேப்பர் போட்டாயிற்று. நான் இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறேன். வைட் மாதிரி ஒருவர் இன்று பிழைக்க முடியுமா? முடியாதென்றால் நான் எதற்கு இதில் இருக்கவேண்டும்?

க.ம., புது தில்லி

அன்புள்ள க.ம.,

பிழைக்க முடியாது. இன்றைய தேர்வுக்குழு முன்னால் வைட் வந்து உட்கார்ந்தால் தேநீர் வருவதற்குள் அனுப்பிவிடுவார்கள். முனைவர் பட்டம் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் நவீன வரலாற்றில் முதல் வகுப்பு, அவ்வளவுதான். 1949இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் அவருக்கு ரீடர் பதவி (பேராசிரியருக்கு ஒரு படி கீழே) கொடுத்தபோது, உலக அரசியல் பற்றிக் கையில் இருந்தது 1946இல் லண்டனின் வெளியுறவு ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸ் வெளியிட்ட 'பவர் பாலிடிக்ஸ்' என்ற சிறுநூல் ஒன்று. அதை விரித்து எழுதவேண்டும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1972இல், 58 வயதில் இறந்தார். விரிந்த நூல் 1978இல்தான் வந்தது, ஹெட்லி புல்லும் கார்ஸ்டன் ஹோல்ப்ராடும் தொகுத்து. அவரைப் புகழ்பெறச் செய்த வகுப்புரைகள் அச்சில் வந்தது 1991இல். அவர் மனைவி கேப்ரியேலும் முன்னாள் மாணவர் பிரையன் போர்ட்டரும் குறிப்புகளிலிருந்து மீட்டெடுத்தார்கள். பின்னால் அள்ளிக் கோக்க இத்தனை பேர் நமக்கெல்லாம் வாய்க்கமாட்டார்கள்.

ஆகவே அவரைக் காட்டி ஆறுதல் தேடவேண்டாம். எழுதாமல் இருப்பதற்கு வைட்டைச் சாட்சிக்கு இழுக்கும் பேராசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். வைட் எழுதாமல் இருந்தவர் அல்ல. எழுதியதை வெளியிட மனம் வராதவர். இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. உங்கள் நெறியாளரும் நீங்களும் ஒரே விஷயத்தை நம்புகிறீர்கள். கோட்பாடு ஒரு பக்கம், நாடுகளையும் கடல்களையும் ஆராய்வது இன்னொரு பக்கம். ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும். அவர் ஒன்றைத் தேர்கிறார், நீங்கள் மற்றதை. வைட்டின் வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் அப்படி ஒரு பிரிவே அதில் இல்லை.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அவர் ஹெய்லிபரி பள்ளியில் ஆசிரியர். கிறிஸ்தவ அமைதிவாதி. 1936லேயே அதைப்பற்றிக் கட்டுரை எழுதியவர். மனசாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுப்பவர் என்று பதிவு செய்துகொண்டார். 1941இல் பள்ளியை விட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய், மார்ஜரி பெர்ஹாம் நடத்திய காலனிய ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தார். அங்கே அவர் செய்தது என்ன தெரியுமா? சட்டமன்றக் குழுக்களின் வரலாறு. எந்தக் காலனியில் எத்தனை நியமன உறுப்பினர், எத்தனை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர், கவர்னரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்று பக்கம் பக்கமாக. கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா, அதன் சட்டமன்றக் குழுவைப் பற்றி 1947இல் தனி நூல். 1952இல் காலனிகளின் அரசியலமைப்புகளைத் தொகுத்து இன்னொன்று. இந்தப் புத்தகங்களை இன்று யாரும் ஆசையாகப் படிப்பதில்லை. உண்மையைச் சொன்னால் அன்றும் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் அதிகாரம் என்பது காகிதத்தில் எப்படி எழுதப்படுகிறது, எழுதியதற்கும் நடப்பதற்கும் இடைவெளி எங்கே என்று அவர் கற்றது அங்கேதான். 1946இல் 'அப்சர்வர்' பத்திரிகைக்காக நியூயார்க் போய் ஐ.நா.வின் தொடக்க அமர்வுகளைப் பார்த்து எழுதினார். அமைதிவாதி ஒருவர் அதிகார அரசியலைப் பற்றி அத்தனை கூர்மையாக எழுதமுடிந்ததற்கு இந்த அலுப்பூட்டும் வேலைகளுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

வகுப்பு பிறகு வந்தது. 1956-57இல் சிகாகோவில், அதிகார அரசியல் கோட்பாட்டுக்குப் பேர்போன ஹான்ஸ் மார்கெந்தாவுக்குப் பதிலாக ஓராண்டு பாடம் எடுக்கப் போனவர், அங்கே சர்வதேசக் கோட்பாடு பற்றிய உரைகளை உருவாக்கினார். திரும்பி வந்து லண்டனில் அதையே வளர்த்தார். மாக்கியவெல்லி வழி, குரோஷியஸ் வழி, கான்ட் வழி என்று மூன்று மரபுகள். அரசுகளுக்கு நடுவே இருப்பது வெறும் பலப்பரீட்சை என்பது முதலாவது. பகையிலும் ஒரு பழக்கவழக்கம், ஒரு சமூகம் உண்டு என்பது இரண்டாவது. அரசுகளைத் தாண்டி மனிதகுலம் என்ற ஒன்றே உண்மை என்பது மூன்றாவது. இதைப் பெட்டி பெட்டியாக மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். வைட்டுக்கு அவை ஒருவரோடொருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் மூன்று குரல்கள். மூன்றாவது மரபின் தலைகீழ் வடிவமாக, வன்முறையைத் துறந்து உலகை மாற்ற நினைத்தவர்களாக, டால்ஸ்டாயையும் காந்தியையும் வைத்தார். அந்த உரைகளைக் கேட்ட இளம் விரிவுரையாளர்களில் ஒருவர்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ஹெட்லி புல். அவருடைய 'தி அனார்க்கிக்கல் சொசைட்டி' 1977இல் வந்தது. தான் வைட்டிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டே இருந்ததாகப் புல்லே சொல்லியிருக்கிறார்.

சர்வதேசக் கோட்பாடு ஏன் இல்லை என்று கேட்கும் அவருடைய புகழ்பெற்ற கட்டுரையை நீங்கள் படித்திருப்பீர்கள். 1960இல் வந்தது. அரசியல் சிந்தனை நல்வாழ்வைப் பற்றியது, சர்வதேசச் சிந்தனை பிழைத்துக் கிடப்பதைப் பற்றியது என்பார். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலச் சிந்தனையாளர் தாமஸ் மோர் உயிரோடு திரும்பி வந்தால் உள்நாட்டில் எவ்வளவோ மாறியிருப்பதைப் பார்த்து மெச்சுவார், நாடுகளுக்கு நடுவே நடப்பதைப் பார்த்தால் பழகிய காட்சியாக இருக்கும் என்பார். அழகான வாதம். ஆனால் எங்கிருந்து பார்க்கிறார்? லண்டனிலிருந்து. அது வெளிவந்த அதே ஆண்டில் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. தென்காசியிலிருந்தோ கானாவின் அக்ராவிலிருந்தோ பார்ப்பவருக்கு அது பழகிய காட்சி அல்லவே. 1955இல் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடியதையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். ஒழுங்கைக் குலைக்கவந்த புரட்சிக் கூட்டமாகவே அவருக்கு அது தெரிந்தது. கோல்ட் கோஸ்ட்டின் கோப்புகளைப் புரட்டியவரே இப்படி எழுதியது எனக்கு இன்றும் விளங்காத விஷயம்.

உங்கள் வேலை இந்த இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1946ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களின் நில உரிமையைச் சுருக்கிச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்ட நட்டால் மாகாண இந்தியர்களில் பலர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் பிள்ளைகள், பேரர்கள். இந்தியா ஐ.நா.வில் முறையிட்டது, தானே இன்னும் விடுதலை பெறாத நாடு. இந்தியக் குழுவின் தலைவர் விஜயலட்சுமி பண்டிட் பேசினார். இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரையில் கைவண்ணம் காட்டிய அதே ஸ்மட்ஸ். டிசம்பரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் இந்தியா பக்கம் நிறைவேறியது. ஓர் அரசு தன் எல்லைக்குள் மக்களை நடத்தும் விதம் பிறருக்கும் கவலையா என்ற கேள்விக்கு, ஆம் என்று நாம் அன்று பதில் சொன்னோம்.

அப்படியே 2009 மே மாதத்துக்கு வாருங்கள். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் சிறப்பு அமர்வு. இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2012இலும் 2013இலும் இலங்கையைக் கேள்வி கேட்ட தீர்மானங்களை ஆதரித்தது. 2014இல் வாக்களிக்காமல் ஒதுங்கியது. இதை வெறும் சந்தர்ப்பவாதம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், நம் தொலைக்காட்சி விவாதங்களில் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் மூன்று குரலும் ஒரே வெளியுறவு அமைச்சகத்துக்குள் பேசிக்கொண்டிருப்பது இந்த வாக்குகளில் கேட்கிறதா, 1946இன் குரல் எங்கே போனது, என்று பொறுமையாக எழுதியவர்கள் குறைவு. கோட்பாடு தெரியாத ஏரியா ஸ்டடீஸ் (ஒரு வட்டாரத்தை மட்டும் ஆராயும் துறை) ஆளால் அதை எழுதமுடியாது. ஆவணம் தொடாத கோட்பாட்டாளராலும் முடியாது.

பேப்பர் கணக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2022இல் எடுத்துவிட்டது. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எண்ணத்தான் செய்வார்கள். வெட்கப்படாத மாதிரி இரண்டு போதும். காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழ்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

நெறியாளரிடம் சண்டை வேண்டாம். ஆய்வுத் தலைப்பை 'இந்தியா-இலங்கை உறவு, மனித உரிமைகள் பேரவை வாக்குகள்' என்றே கொடுங்கள், மறுக்கமாட்டார். அதில் பொய்யும் இல்லை. 1946 விவாதத்தின் பதிவுகள் ஐ.நா. ஆவணங்களில் கிடைக்கின்றன. அங்கிருந்து தொடங்கி முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டு மறுபடி கடிதம் போடுங்கள்.