ஓடு தாங்கும், அதன் அடியில் இருக்கும் தாள் தாங்குமா?

கேள்வி: அரிசோனா மாநிலம் சேண்ட்லரில் 2003-இல் கட்டிய வீடு ஒன்றை விலை பேசி, ஒப்பந்தமும் போட்டுவிட்டோம். கூரையில் சிமெண்ட் ஓடு. ‘50 வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்’ என்கிறார் விற்பவர். கூரையில் லீஸுக்கு எடுத்த சோலார் பேனல்கள், பின்புறம் நீச்சல் குளம். எங்கள் மகளுக்கு 4 வயது. வீட்டைச் சோதித்துப் பார்க்க 10 நாள் அவகாசம் இருக்கிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
- வாசகி, சேண்ட்லர்

பதில்: முதலில் அந்த 10 நாளைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். சனி, ஞாயிறும் அதில் அடக்கம். அரிசோனாவில் வழக்கமாகப் பயன்படும் ஒப்பந்தப் படிவப்படி, உங்கள் ஆட்சேபங்கள் அனைத்தையும் ஒரே நோட்டீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். பாதியை இன்றும் மீதியை நாளையும் தர முடியாது. விற்பவருக்குப் பதில் சொல்ல 5 நாள். அவர் மறுத்தாலோ, பேசாமல் இருந்தாலோ, ஒப்பந்தத்தை ரத்துசெய்ய உங்களுக்கு 5 நாள். நோட்டீஸே கொடுக்காமல் 10 நாள் போய்விட்டால், வீட்டை இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். எனவே எல்லாச் சோதனைகளையும் முதல் 4 நாளுக்குள் முடிக்கப் பாருங்கள்.

கூரையைப் பற்றி விற்பவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மைதான். ஓடு வெயிலைத் தாங்கும். மழை நீரை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அதன் அடியில் விரித்திருக்கும் அண்டர்லேமென்ட் என்ற தார்த்தாள். சேண்ட்லர் அடங்கிய ஃபீனிக்ஸ் வட்டாரச் சூட்டில் அது காய்ந்து நொறுங்க 20 முதல் 30 ஆண்டுகள் போதும். 2003-இல் போட்ட தாள் இன்னும் மாற்றப்படாமல் இருந்தால், அதன் ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கிறது. மழை குறைந்த ஊர் என்பதால் கசிவு சட்டென்று தெரியாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரையிலான பருவமழையில்தான் வீட்டுக்குள் உள்கூரையில் கறை விழும். பொதுவாக வீட்டைச் சோதிப்பவர் ஓட்டின் மேல் ஏறமாட்டார், மிதித்தால் உடைந்துவிடும். தனியாக ஒரு கூரை வேலைக்காரரைக் கூப்பிட்டுச் சில இடங்களில் ஓட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டு சரிவுகள் கூடும் பள்ளம், குழாய்கள் வெளிவரும் இடம், இறவாண ஓரம். பள்ளத்தில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கித் தாளின் மேல் ஏறும். இறவாணத்தின் அடிப்பலகையில் கருங்கறை இருக்கிறதா என்று தரையில் நின்றே நீங்கள் பார்த்துவிடலாம். தாளை மாற்ற ஓட்டைக் கழற்றி, புதுத் தாள் விரித்து, அதே ஓட்டைத் திரும்ப அடுக்குவார்கள்.

சோலார் விஷயம் இங்கேதான் குறுக்கிடும். தாளை மாற்றுவதென்றால் பேனல்களை இறக்கி ஏற்ற வேண்டும். அதற்கு யார் பணம் தருவது, எத்தனை ஆண்டு பாக்கி, மாதக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும் என்று லீஸ் பத்திரத்தையே வாங்கிப் படியுங்கள். லீஸை உங்கள் பெயருக்கு மாற்றுமுன் அந்த நிறுவனம் உங்கள் கடன் தகுதியைப் பார்க்கும். லீஸ் பேனல் உங்கள் சொத்து ஆகாது. ‘சோலார் இருப்பதால் இந்த விலை’ என்று கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஏசியின் வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரிப்பு ஆண்டும் குளிரூட்டும் வாயுவின் பெயரும் இருக்கும். ஆர்-22 என்றிருந்தால் அதை மாற்றும் செலவையும் விலைப் பேச்சில் சேருங்கள். அந்த வாயுவைப் புதிதாகத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. உள்ளே இழுக்கும் காற்றுக்கும் குளிர்ந்து வரும் காற்றுக்கும் 15 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் இருக்க வேண்டும். இன்னொன்று, கடந்த 5 ஆண்டுகளின் இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தை விற்பவரிடம் கேளுங்கள். பழைய தண்ணீர்ச் சேதம் அதில் தெரிந்துவிடும்.

குளத்தை இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனியுங்கள். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில், குளத்தைச் சுற்றி 5 அடி உயரத் தடுப்பு வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கேட் தானாக மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் தரையிலிருந்து 54 அங்குல உயரத்தில் இருப்பது நல்லது. உங்கள் வீட்டின் பின்கதவு நேராகக் குளத்துக்கே திறக்கிறது என்றால் சுற்றுச்சுவர் மட்டும் போதாது. வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் 4 அடி வேலி வைப்பது ஒரு வழி. நகராட்சி விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலி இல்லையென்றால் குடிபோகும் நாளுக்கு முன்பே போட்டு முடியுங்கள். சாமான் இறக்கும் பரபரப்பில்தான் குழந்தையின் மேல் யார் கண்ணும் இருக்காது.