மௌனப்பட நாயகி பி.கே. ரோசி: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. அந்த மௌனப் படத்தின் கதாநாயகி பி.கே. ரோசி. அவரைப் பற்றி நம்மூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயருக்குப் பதிலாக இடத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

உவர்மலை, ஆசிரியை: ரோசி எப்படி நடிக்க வந்தார்? ஒரே படத்தோடு ஏன் நின்றுபோனார்?

ரீச்சர், அவர் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர் சாதிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். புல் அறுத்தும் கூலி வேலை செய்தும் பிழைத்த ஏழைப் பெண். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழக்கம் இருந்தது. சிவனும் பார்வதியும் குறி சொல்லும் நாடோடிகளாக வருகிற கூத்து அது. தமிழும் மலையாளமும் கலந்தே பேசுவார்கள்.

படத்தை எடுத்த ஜே.சி. டானியல் தன் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்ரூடியோ கட்டியவர். கதாநாயகிக்கு முதலில் பம்பாயிலிருந்து ஒருவரை அழைத்துப் பார்த்தார், அது சரிவரவில்லை. பெண்கள் நடிக்க வருவதையே இழிவாகப் பார்த்த காலம். கடைசியில் ரோசியைப் பிடித்தார். மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவந்து நடித்துவிட்டு, பின்னேரம் வீட்டுக்குத் திரும்பிவிடுவாராம்.

அவருக்குக் கொடுத்த வேடம் சரோஜினி என்ற உயர்சாதி நாயர் பெண். பிரச்சினை அங்கேதான். கப்பிட்டல் தியேட்டரில் முதல் காட்சியைத் தொடக்கிவைத்தவர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை என்ற பேர்பெற்ற வக்கீல். ரோசி வந்தால் தான் வரமாட்டேன் என்று அவர் சொன்னதாகவே பதிவுகள் சொல்கின்றன. படத்தின் நாயகிக்கு அழைப்பே இல்லை. திரையில் நாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை எடுத்து முத்தமிடும் இடம் வந்ததும் கூட்டம் கொதித்துப்போய்த் திரைமீது கல் எறிந்தது. பிறகு அவருடைய குடிசைக்கும் தீ வைத்தார்கள். ஏன் நின்றுபோனார் என்று கேட்டீர்கள். அவராக நிற்கவில்லை ரீச்சர், அடித்துத் துரத்தினார்கள்.

கிண்ணியா: அந்தப் படத்தில் இலங்கை வருகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இதை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். திருவிதாங்கூரில் ஒரு பணக்காரரின் மகனை வில்லன் கடத்திக்கொண்டு இலங்கைக்கு வருகிறான். பிள்ளை இங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வளர்கிறான். வெள்ளைக்காரத் துரைக்கு அவனைப் பிடித்துப்போகிறது. அவர் தயவில் அந்தப் பையனே பிறகு துரையாகிவிடுகிறான். அவனுடைய தங்கைதான் சரோஜினி. கடத்தப்படும் பிள்ளையாக டானியலின் மகனே நடித்தான், சரோஜினியைக் காதலிக்கும் நாயகன் வேடம் டானியலுக்கு. புராணக் கதைகளே படமாக வந்துகொண்டிருந்த நாளில் ஒரு குடும்பக் கதையை, அதுவும் நம் மலைநாட்டுத் தோட்டத்தை வைத்து எடுத்திருக்கிறார். தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பலேறி வந்துகொண்டிருந்த காலம் அது. கூலிப் பிள்ளை துரையாவது அன்றைக்கு எவ்வளவு பெரிய கற்பனை என்று யோசித்துப் பாருங்கள்.

நிலாவெளி: ரோசியின் புகைப்படம் என்று ஒன்று சுற்றுகிறதே, அது அவர்தானா?

நிறுவப்படவில்லை. தயவுசெய்து பகிராதீர்கள். 'விகதகுமாரன்' பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் படமே இல்லாதபோது எந்த முகத்தையும் அவர் தலையில் கட்டிவிடலாம். முகத்தையே அழிக்கப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், வேறு முகத்தை ஒட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் அவருக்குச் செய்யும் அநியாயம்.

மூதூர்: படத்தில் அவர் பாடிய பாட்டு எது?

மௌனப் படம் தம்பி. பாட்டு கிடையாது.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற அதிபர்: படம் வந்தது 1928 நவம்பர் 7. போன முறை நீங்கள் 1930 என்று சொன்னீர்கள். திருத்துங்கள்.

ஐயா, 1928 என்பது நீண்ட காலம் சொல்லப்பட்டு வந்த திகதி. பிறகு அந்நாளைய அறிவிப்புகளையும் பத்திரிகைகளையும் தேடியவர்கள் 1930 ஒக்டோபர் 23 என்கிறார்கள். நான் அவர்கள் பக்கம். பின்னாளில் நினைவிலிருந்து சொன்னதைவிட, அன்றைக்கே அச்சான காகிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

லிங்கநகர்: இரண்டு வருடம் முன்பின் என்றால் என்ன குறைந்துவிடும்? அதிபர் ஐயாவோடு ஏன் மல்லுக்கு நிற்கிறீர்கள்?

நிறையக் குறையும். முதல் இந்தியப் பேசும்படம் 'ஆலம் ஆரா' வந்தது 1931 மார்ச் 14. அதே வருடம் ஒக்டோபர் 31இல் தமிழ் பேசிய 'காளிதாஸ்'. ரோசியின் படம் 1930 கடைசியில் வந்தது என்றால், ஐந்து மாதத்துக்குள் மௌனப் படத்துக்கே மவுசு போய்விட்டது. டானியல் கடன்பட்டு ஸ்ரூடியோவை விற்றதற்கு ஊர்க்காரர் எறிந்த கல் மட்டும்தான் காரணமா, காலமும் சேர்ந்து கவிழ்த்ததா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. 1928 என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

தம்பலகாமம், மீண்டும்: எல்லாரும் 1928 என்றுதானே எழுதுகிறார்கள்?

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள் ஐயா. நூறு பேர் எழுதினாலும் அது ஒரு சாட்சிதான்.

அன்புவழிபுரம்: அவருடைய புகைப்படம் அனுப்ப முடியுமா?

நிலாவெளிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

பாலையூற்று: தப்பி எங்கே போனார்?

தமிழ்நாட்டுப் பக்கம் போன ஒரு லொறியில் ஏறி நாகர்கோவிலுக்கு. அந்த லொறிச் சாரதி கேசவ பிள்ளையையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் மிச்ச வாழ்க்கையை வாழ்ந்து முடித்தார். நடிகை என்ற அடையாளத்தை வெளியே காட்டவில்லை. இதைக் காதல் கதையாக்கி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உயிருக்குப் பயந்து ஓடிய பெண் அவர், தங்கச்சி.

சாம்பல்தீவு: அந்தக் காலத்தில் நன்றாக வாழ்ந்த நடிகைகளே இல்லையா?

இருந்தார்கள். பம்பாயில் ரூபி மையர்ஸ் என்ற சுலோசனா, தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த யூதப் பெண். மௌனப் படங்களின் பெரிய நட்சத்திரமாகி, இந்திய சினிமாவின் உயரிய விருதான பால்கே விருதையும் 1973க்குப் பெற்றார். நம் பக்கம் டி.பி. ராஜலட்சுமி மௌனப் படத்தில் தொடங்கி, 'காளிதாஸ்' நாயகியாகி, 1936இல் 'மிஸ் கமலா'வை எழுதி இயக்கினார். ராஜலட்சுமி பற்றித் தனியாகவே ஒரு தடவை கதைக்க வேண்டும்.

உப்புவெளி: சாவித்திரி கடைசிக் காலத்தில்…

அது வேறு காலம். அவரைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

பட்டணத்தெரு: எங்கள் அப்பப்பாவின் இரும்புப் பெட்டியில் பழைய பட நோட்டீசுகள் கிடக்கின்றன. லமினேட் பண்ணி வைக்கவா?

வேண்டவே வேண்டாம்! லமினேட் பண்ணினால் பிறகு பிரிக்க முடியாது. செலோரேப்பும் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். கடற்காற்று படாத உலர்ந்த இடத்தில், மடிப்பை மெதுவாக விரித்துத் தட்டையாக வையுங்கள். இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் சிலவேளை திகதியும் இருக்கும், அது தெளிவாக விழ வேண்டும். அதிபர் ஐயாவுக்கும் எனக்கும் இடையிலான வழக்கே அப்படி ஒரு துண்டுக் காகிதத்தால்தான். எடுத்தவுடன் எனக்குக் காட்டுங்கள், நான் வீட்டுக்கே வருகிறேன்.